டி டிரைவில் குடியிருந்த டோரதி

ராயபுரத்தில் மானத்தின் விலை, இரண்டாயிரத்தொன்றாம் வருடத்து நிலவரப்படி, மாதம் எழுபத்தைந்து ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் தனி. வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர்களுக்கு அட்வான்ஸில் ஒரு மாதம் தள்ளிக் கிடைக்கும். வாடகையில் காலணா குறையாது.

இந்த விலையை வைத்தவன் மனோகரன். கல்மண்டபத்தில் ஒரு சந்துக்குள், இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வாசலில் நிற்க வேண்டிய அளவுக் கடையில், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டைப்பிங், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை என்று ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் வைத்தால் பெண்டாட்டி படிப்பாள், ஆபீசில் வைத்தால் எதிர்க்கோஷ்டிக்காரன் படிப்பான் என்கிற மாதிரி சமாச்சாரம் எல்லா மனிதருக்கும் நாலு பக்கமாவது இருக்கும். அதைப் பூட்டி வைக்க ஓர் இடம் கிடைத்தால் மாதா மாதம் கொடுக்க மாட்டார்களா என்று அவனுக்குத் தோன்றியது. கொடுத்தார்கள்.

அப்படித் தோன்றியதற்குக் காரணம் அவன் பிறந்த வீடு. அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் மண்டி. பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டுப் போர்ஷன் வைத்த வீடு. ஒரு குழாய், ஒரு கக்கூஸ், எட்டு வாடகை. மனோகரன் கூட்டல் கற்றுக்கொண்டதே அந்த எட்டுக் கதவுகளைத் தட்டித்தான். பீச் ரோட்டில் மூடிப்போன ஒரு கிளியரிங் ஆபீசிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியபோது, விற்றவர், "ஹார்ட் டிஸ்க்கை நாலா பார்ட்டிஷன் பண்ணியிருக்கு, சி, டி, இ, எஃப்" என்றார். வேறு யாராவது அதைக் கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பார்கள். மனோகரனின் காதில் நாலு போர்ஷன் என்று விழுந்தது.

சி டிரைவில் விண்டோஸும் தானுமாக அவன் இருந்துகொண்டான். மற்ற மூன்றையும் வாடகைக்கு விட்டான். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதினான். அப்பாவின் வீட்டு வாடகைப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே டைப் அடித்ததால், "மேற்படி டி டிரைவை உள்வாடகைக்கு விடக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வளர்ப்புப் பிராணிகள் கூடாது" என்பதெல்லாம் அதில் இருந்தது. குடித்தனக்காரர்களும் படித்துப் பார்த்துவிட்டு, ஆணி அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பூட்டு என்று எதுவும் கிடையாது. மனோகரன் திரையில் ஆளுக்கொரு படம் வைத்து, கீழே அவரவர் பெயரை எழுதியிருந்தான். அதை அமுக்கினால் அவரவர் வீடு திறக்கும். அடுத்தவர் பெயரைத் தொடுவதில்லை என்பது வழக்கம். குடித்தனக்காரர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரன் ஸ்டூலை வெளியே போட்டு, கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். வாங்கும் எழுபத்தைந்து ரூபாய்க்கு அந்த முதுகுதான் அவன் கொடுத்த சரக்கு.

இந்த ஏற்பாடு இரண்டு வருடம் ஓடியது. ஆனால் இந்த வாடகை ஒரு கடையைத் தாங்குமா? மழைக்காலம் வந்தால் அப்பாவின் பேச்சும் வரும். "இந்த மாசத்தோட அந்தப் பொட்டிய மூடு. மண்டிக்கு வந்து குந்து. ஐஸுக்குக் கணக்கு எயுத ஆள் இல்ல." மனோகரனுக்கு ஐஸ் மண்டி என்றாலே விரல் மரத்துப்போகும். விடிகாலை மூன்று மணிக்கு, முழங்கால் வரை மீன் தண்ணீரில் நின்று, உருகிக்கொண்டே இருக்கும் ஒரு சரக்கை எண்ணுகிற வேலை அது.

அந்த நேரத்தில்தான் மணலியிலிருந்து அந்த ஆர்டர் எட்டிப் பார்த்தது. ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு வந்து போகும் டேங்கர் லாரி டிரைவர்கள் இரண்டாயிரம் பேருக்குப் போட்டோவோடு அடையாள அட்டை போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுசு. கம்பெனியில் கேட் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரி கார்குழலி ஒரு சிடியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அட்டை போடும் சாப்ட்வேரும், மாதிரிக்கு இருநூறு டிரைவர்களின் பெயர், விலாசம், ரேஷன் கார்டு நம்பர், போட்டோவும் அதில் இருந்தன. திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து பார்ப்பாராம். மாதிரி அட்டை நன்றாக இருந்தால் ஆர்டர் அவனுக்கு. ஆர்டர் கிடைத்தால் ஐஸ் மண்டி கிடையாது.

சாப்ட்வேர் சி டிரைவில் நானூறு மெகாபைட் இடம் கேட்டது.

"இன்னாண்ணா, இருவத்திரெண்டு எம்.பி.தான் கீது. ஒரு கொசு முட்ட போட எடம் இல்ல" என்றாள் ஷைனி. தண்டையார்பேட்டைக்காரி. ரிச்சி ஸ்ட்ரீட் கடை ஒன்றில் ஏழு வருடம் சர்வீஸ் பார்த்துவிட்டு, இப்போது மொபெட்டில் ஸ்க்ரூ டிரைவர் பையோடு வடசென்னையின் செத்த கம்ப்யூட்டர்களை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"புது டிஸ்க் ஒண்ணு போட்டா?"

"இந்த போர்டுக்கு எட்டு ஜி.பி.க்கு மேல கண்ணு தெரியாது. பெரிய டிஸ்க்க மாட்டினா நம்பவே நம்பாது. சின்னது இப்ப எவனும் விக்கறதில்ல. போர்ட மாத்தணும், அப்பால ராம், அப்பால கேபினெட்டு…"

"கம்ப்யூட்டரையே மாத்துன்ற."

"ஆமா."

"வேற சொல்லு."

ஷைனி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம் போட்டாள். அதை நாலாகக் கோடு கிழித்தாள். சி அறுநூறு, டி ஆயிரத்து இருநூறு, இ ஆயிரத்து இருநூறு, எஃப் ஆயிரத்து நூறு.

"சி-க்குப் பக்கத்து வூடு டி. சி பெருசாவணும்னா டி போவணும். டி-ல கீற சாமான வேற எங்கனா மாத்து, டி-ய இடி, அந்த எடத்த சி-யோட சேரு. அவ்ளோதான் வேல."

"டி-ல தொள்ளாயிரம் எம்.பி. சாமான் கீது. இ-ல வெறும் பன்னெண்டு. இ-ய இடிச்சா ஆவாதா?"

"பக்கத்து வூட்ட வுட்டுட்டு மூணாவது வூட்ட வாங்கி உன் ஹால பெருசாக்குவியா? டி-ய அப்டியே தள்ளி வெக்கற வித்தையும் கீது. நாலு மணி நேரம் ஓடும். நடுவுல கரண்ட் போச்சுனா அல்லாமே கோயிந்தா. இந்த ஏரியால நாலு அவரு கரண்ட் நிக்குமா, நீயே சொல்லு."

ஆக, டி டிரைவைக் காலி செய்ய வேண்டும். டி-யில் குடியிருந்தவர் டோரதி.

டோரதி கல்யாணத் தரகர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கத்தோலிக்க வீட்டில் பெண்ணுக்கு வயது இருபத்தாறு என்று சொல்கிறார்கள், எந்த வீட்டில் உண்மையிலேயே இருபத்தாறு என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வயதும் டி டிரைவில் தனித்தனிப் பத்தியில் இருந்தன.

"காலி பண்றதா? நானா?" என்றார் டோரதி. "பத்திரம் கீது நைனா என்கிட்ட."

"அக்கா, வெளில போவ சொல்லல. இ-ல முக்கால்வாசி எடம் தர்றேன். லூர்து அண்ணாத்த பன்னெண்டு எம்.பி.ல ஒரு மூலைல கீறாரு. நல்ல மனுசன், சத்தம் கித்தம் இருக்காது."

"கொமரிப் பொண்ணுங்க போட்டோவெல்லாம் வெச்சினுகீறேன். கெய்வனுங்க கூட ஒரே வூட்ல கொண்டுபோய் வெய்யின்றியா? டி-க்கு வந்தப்பறம் முப்பத்தாறு கல்யாணம் முடிச்சிகீறேன். ராசி." கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்டியே மாத்தணும்னா மூணு மாசம் வாடகை வுட்டுக்குடு. தனி வூடா குடு. ஃபாதர இட்டாந்து புது வூட்ட மந்திரிச்சிக் குடு. தீர்த்தம் தெளிக்கணும்."

"கம்ப்யூட்டர் மேலயா? ஷாக்கடிச்சி ஃபாதரு பூடுவாருக்கா."

"அப்ப டி-லயே இருந்துட்டுப் போறேன்."

இ-யில் இருந்தவர் லூர்து. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற தொழிலாளர் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். அந்தச் சங்கம் உடைந்து இன்னொரு சங்கம் உண்டாகியிருந்ததால், தன் உறுப்பினர் பட்டியல் எதிர்ச் சங்கத்தின் கையில் சிக்காமல் காப்பதே அவருடைய மிச்ச வாழ்நாளின் வேலையாக இருந்தது.

"மனோகரா, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அது எங்க சங்கத்துக்குன்னு ஒதுக்கின எடம்."

"அண்ணாத்த, ஆயிரத்தி இருநூறுல பன்னெண்டுதான நீங்க…"

"பன்னெண்டோ ஒண்ணோ. உரிமைன்னு ஒண்ணு கீதுல்ல? பொதுக்குழுவக் கூட்டணும். பதினாலு நாள் நோட்டீஸ். ஓட்டெடுப்பு. ஜெயிச்சா ஒரு அரை எம்.பி. பத்தி யோசிக்கலாம்."

எஃப்-இல் இருந்தது வரதன். வட்டத்தில் ஒரு கட்சியின் பொறுப்பாளர். வாடகையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. கடை நிம்மதியாக நடப்பதே அவர் கொடுக்கும் வாடகை. மனோகரன் பேச்சை எடுத்ததுமே, "எஃப்-ல கைய வெச்ச, உன் கடைப் பலகைய கார்ப்பரேசன் லாரில தேடு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று மனோகரனுக்கே தெரியாது. முதுகு அவ்வளவு நாணயமாக இருந்தது.

குடித்தனக்காரர் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பது எட்டுப் போர்ஷன்காரர் மகனுக்குத் தெரியாதா? அவர்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடிக்க வேண்டும். ஞாயிறு காலை எட்டு மணிப் பூசைக்கு டோரதியும் லூர்துவும் போய்விடுவார்கள். வரதனுக்குக் கொருக்குப்பேட்டையில் காதுகுத்து. ஷைனியும் பூசைக்குப் போகிறவள்தான். ஆறு மணிப் பூசையை முடித்துக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டார்கள். டோரதியின் ஆயிரத்துச் சொச்சம் பெண்களும் பிள்ளைகளும் இ டிரைவுக்குள் வரிசையாக நுழைந்தார்கள். அதற்கு முக்கால் மணி நேரம். எல்லாம் வந்துவிட்டதா என்று ஷைனி இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு ஃப்ளாப்பியைப் போட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினாள். கருப்புத் திரையில் நாலு வரி.

"டி-ய அழிக்கட்டாண்ணா? அழிச்சா அழிச்சதுதான். அப்பால மாதாவே வந்தாலும் தெறக்க மாட்டா."

மனோகரன் பர்ஸிலிருந்த திருவொற்றியூர் விபூதியை எடுத்து மானிட்டரின் நெற்றியில் பூசினான். "அழி."

ஷைனி ஒரு பட்டனைத் தட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்தான் என்று தட்டினாள். டி இருந்த வரி காணாமல் போனது. முப்பத்தாறு கல்யாணம் நடந்த இடம், ஒரு செங்கல் விழும் சத்தம்கூட இல்லாமல் தரைமட்டமானது. பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் ஒரு தடுப்பை இடிக்க அப்பா நாலு ஆள் வைத்து மூன்று நாள் செலவு செய்ததை நினைத்து மனோகரனுக்குப் பெருமையாக இருந்தது.

சி-யை நீட்டும் வேலைதான் உயிரை வாங்கியது. ஒரு நீலப் பட்டை, நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கொண்டே நகர்ந்தது. பதினெட்டில் ஃபேன் வேகம் குறைந்தது. முப்பத்தொன்றில் டியூப் லைட் சிமிட்டியது. மனோகரன் ஃபேனை நிறுத்தினான், லைட்டை நிறுத்தினான். பக்கத்து டீக்கடைக்காரரிடம் போய் மிக்சியைப் போட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு வந்தான்.

"மிக்சி போட்டா இன்னா?" என்றாள் ஷைனி வேர்த்துக்கொண்டே.

"எனக்கு இன்னா தெரியும்? அவன் போடாம இருந்தா நல்லது."

பட்டை நூறைத் தொட்டபோது மணி பத்தரை. சி, ஆயிரத்து எண்ணூறு. மனோகரனுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அறுநூறில் குனிந்து குனிந்து குடித்தனம் செய்தவனுக்குத் திடீரென்று கல்யாண மண்டபம் கிடைத்த மாதிரி.

ஷைனி பையை மூடவில்லை. "இன்னும் ஒண்ணு கீதுண்ணா. எயுத்து மாறும். டி போச்சுல்ல, இப்ப இ-தான் டி. எஃப் தான் இ. சிடி பொட்டி எஃப்-க்கு வந்துடும். அல்லாரும் ஒரு வூடு முன்னால நவுந்துட்டாங்க. நீ வெச்சிகீற படமெல்லாம் பழய வெலாசத்துலயே நிக்குது. அதெல்லாம் மாத்தணும். அரை அவரு. நூறு ரூபா."

இங்கேதான் மனோகரனின் ரத்தம் வேலை செய்தது. நூறு ரூபாய் என்று ஒருவர் சொன்னால் அதற்கு முன்னால் சொன்னது எதுவும் அவன் காதில் நிற்காது.

"அரை அவருக்கு நூறா? அம்பது."

"எண்பது."

"ஏம்மா, படத்துக்குக் கீயே பேரு எயுதிகீது. டோரதின்னு கீது, லூர்துன்னு கீது. பேரு போட்ட பலகை மாறாத வரைக்கும் வூடு எப்டி மாறும்? வுடு, நான் பாத்துக்கறேன்."

"மாறும்ண்ணா."

"அறுவது."

ஷைனி அவனை ஒரு முறை பார்த்தாள். "நீயே பாத்துக்க" என்று மொபெட்டை உதைத்தாள்.

ஞாயிறு முழுக்க அவன் அட்டை போட்டுப் பார்த்தான். மாதிரி டிரைவர்களில் மூன்று பேரின் அட்டை, போட்டோ ஒரு பக்கம், கம்பெனி முத்திரை ஒரு பக்கம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. சிடியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். அப்பாவிடம், "நாளைக்கு சொல்றேன்" என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை எட்டரைக்கு டோரதி வந்தார். மனோகரன் வழக்கம்போல ஸ்டூலை வெளியே போட்டு முதுகைக் கொடுத்தான். முதுகு முழுக்க அவனுக்குக் காதாக இருந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம். நோட்டில் பேனா ஓடும் சத்தம் மட்டும். கடைசியில் டோரதி வெளியே வந்தபோது முகம் ஈஸ்டர் காலை மாதிரி இருந்தது.

"கம்ப்யூட்டர் இன்னிக்கு சோக்கா கீது நைனா" என்றார். "வூடு பெருசான மாதிரி கீது."

அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான். டோரதியின் சாமானோடு அதே வீட்டில் லூர்துவின் பட்டியலும் இருந்ததும், அதில் இருநூற்று எழுபது ஓய்வூதியக்காரர்களின் பெயருக்கு எதிரே மாத ஓய்வூதியம், சொந்த வீடா வாடகையா, மனைவி இருக்கிறாரா இல்லையா என்ற மூன்று பத்திகள் இருந்ததும், மூன்றாம் பத்தியில் 'இல்லை' என்று அறுபத்து நாலு பேருக்கு எழுதியிருந்ததும் முதுகுக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதே காலுக்கு லூர்து. உள்ளே போனவர் முதலில் இருமினார். பிறகு சிரித்தார். பிறகு பிரிண்டர் இரண்டு தாள் கக்கியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மனோகரா, சங்கம் உனக்குக் கடமைப்பட்டிருக்கு" என்று கையைக் குலுக்கிவிட்டு நடந்தார். மனோகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கை குலுக்கப்படுவது நல்லதுதானே.

ஒன்பதே முக்காலுக்கு வரதன். அவர் பெயரை அமுக்கியதும் திறந்தது எஃப். எஃப்-இல் இப்போது இருந்தது மணலிக் கம்பெனியின் சிடி.

"டேய் மனோகரு!" என்று உள்ளேயிருந்து குரல். "யாரு வூட்ல யார்ரா குடி வெச்சிகீற? என் ஐட்டம் ஒண்ணையும் காணோம். எவனோ லாரி டிரைவருங்க கீறானுங்க!"

மனோகரன் இரண்டு வருடத்தில் முதல்முறையாக முதுகைத் திருப்பினான். வரதனின் கோபம் அதற்குள் ஆறியிருந்தது. நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"மாத்தூர்ல நாப்பது பேரு… மணலில அம்பத்தொண்ணு… புழல்ல பதினேயு. வெலாசம், ரேஷன் கார்டு நம்பரு, அல்லாம் கீது. எலெக்‌ஷன் வருது, நீ சொல்லவே இல்லியே. சோமாரி, இவ்ளோ நல்ல சரக்க வெச்சினு…"

"தலைவரே, அத்த எயுதாதீங்க! அது கம்பெனி சாமான்!"

"என் வூட்ல கீது. அப்ப என் சாமான்."

"அது உங்க வூடு இல்ல தலைவரே. உங்க வூடு இப்ப இ-ல கீது!"

"இ-ல லூர்து கெய்வன் கீறான்."

"அவரு டி-ல…" என்று ஆரம்பித்தவன், எண்பது ரூபாயை நினைத்தான்.

அப்போதுதான் சந்தின் முனையில் இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் வந்தது. ஒரு பக்கம், கம்பெனி ஜீப்பை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு வந்த கார்குழலி. இன்னொரு பக்கம் லூர்துவும் பத்துப் பெரியவர்களும். லூர்துவின் இரண்டு கைகளிலும் இரண்டு தாள்கள். ஒன்றில், வரும் பதினைந்தாம் தேதி ராயபுரம் வரும் கட்சித் தலைவரை வருக வருக என்று வரதன் இரு கை கூப்பி வரவேற்றார். இன்னொன்றில், அதே பதினைந்தாம் தேதி, அதே தலைவரைத் துரோகியே திரும்பிப் போ என்று அதே வரதன் கை நீட்டிக் கண்டித்தார். போட்டோ மட்டும் வேறு.

"தோழர்களே, ரெண்டையும் பாருங்க! எந்தப் பக்கம் காத்தடிக்குதுன்னு பாத்து ஒட்டறதுக்கு ரெடியா வெச்சிகீறான்! நம்ம சங்கத்த உடைச்சதும் இவன்தான்!"

வரதன் தாள்களைப் பார்த்தார், மனோகரனைப் பார்த்தார், வெளிறிப்போனார். பிறகு லூர்துவின் மேல் பாய்ந்தார். பத்துப் பெரியவர்கள் நடுவில் புகுந்தார்கள். டீக்கடைக்காரர் இதுவரை அடக்கி வைத்திருந்த மிக்சியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

கார்குழலி சண்டையைப் பார்க்கவில்லை. கீழே விழுந்திருந்த நோட்டீஸை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க டிரைவர்ங்க விலாசம்" என்றார்.

"மேடம், அது ஒரு சின்ன… எழுத்து மாறிடுச்சு மேடம். அட்டை பாருங்க, எவ்ளோ நல்லா வந்திருக்கு." மனோகரன் மூன்று அட்டைகளையும் நீட்டினான்.

அவர் வாங்கிப் பார்த்தார். உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் மனோகரனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

"நான் எதுக்கு இந்த வேலையில இருக்கேன் தெரியுமா மனோகரன்? கேட்டுக்குள்ள யார் வர்றாங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது, அதுக்கு. உங்ககிட்ட குடுத்து ஒரு வாரம் ஆகல. வட்டச் செயலாளர் கையில இருக்கு." சிடியைத் தானே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டார். அட்டைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டார். "அட்டைக்கு ஆன காகிதச் செலவுக்கு பில் அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாளே வரதன் வந்து, தன் போஸ்டர்களை ஒன்று விடாமல் அழித்துவிட்டு, "உன் கடைல இனிமே கால் வெச்சா என்னைக் கேளு" என்று போய்விட்டார். பதினைந்தாம் தேதிக்கு அவருக்கு வயிற்று வலி வந்துவிட்டதாகக் கேள்வி. லூர்து வாடகை தர வரவில்லை. ஒளித்து வைத்த பட்டியல்தான் டோரதியின் நோட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறதே, இனிப் பூட்டி வைக்க என்ன இருக்கிறது என்றார். கோபமாகச் சொன்னாரா என்றால் அதுவும் இல்லை. அறுபத்து நாலு 'இல்லை'களில் அவரும் ஒருவர். டோரதி முதலில் பேசியது அவரிடம்தான். சனிக்கிழமை சாயங்காலம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு எண்ணூருக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். பெண் ஓய்வு பெற்ற நர்ஸ்.

அப்பா ஐஸ் மண்டியில் மனோகரனுக்கு என்று ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிவைத்துவிட்டார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது டோரதி கடைக்கு வந்தார். கையில் இருபது ரூபாய்ப் பத்திரம். கூடவே ஷைனி.

"மனோ, தொயில் பெருசாய்டிச்சி. அறுவத்திநாலு மாப்ள. எதிர்ச் சங்கத்துலர்ந்தும் பெருசுங்க வந்து எங்களயும் சேத்துக்கோன்றானுங்க. எனக்கு டி பத்தாது. சி, டி, இ, மொத்தமும் எனக்கு வேணும். கடை வாடகை, கரண்ட் பில்லு, அல்லாம் நான் கட்டிக்கறேன்."

"அக்கா, சி-ல நான் கீறேனே."

"நீ எங்க போவப்போற? இரு. டைப் அட்ச்சிக்குடு. மாசச் சம்பளம் போட்டுத் தர்றேன். பெருசுங்க சொல்ற வயச ஒரு பத்தில போடு, ரேஷன் கார்டு வயச இன்னொரு பத்தில போடு."

மனோகரன் வெளியே சந்துப் பக்கம் பார்த்தான். மீன் வண்டி ஒன்று ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போனது.

"சம்பளம் எவ்ளோக்கா?" என்றான்.

சொன்னார். அவன் இருநூறு கூட்டிக் கேட்டான். அவர் ஐம்பது ஏறினார். ஐம்பதில் நின்றது. பத்திரத்தை அவனே டைப் அடித்தான். ஆணி அடிக்கக் கூடாது என்கிற வரியை டோரதி எடுக்கச் சொன்னார். வீட்டுக்காரி இனி அவர்.

"அல்லாம் அவங்க பேர்ல போச்சே, ஷைனிம்மா. என் பேர்ல ஒண்ணுமே இல்லியா?"

ஷைனி டிஸ்க்கைத் திறந்து காட்டினாள். "கோடியில பதினொரு எம்.பி. ஒட்டாம நிக்குதுண்ணா. எந்த வூட்லயும் சேரல, ஃபார்மேட்டும் ஆவல. ஒரு எயுத்துக்கூட வெக்க முடியாது."

"அது அவனுக்கே இருக்கட்டும்" என்றார் டோரதி பெரிய மனதோடு. "எயுதிக்க மனோ."

பத்திரத்தின் அடியில் அவன் எழுதினான்: மொத்தம் 4,111. சி 1,800, டி 1,200, இ 1,100, ஆக டோரதி வகையில் 4,100. மனோகரன் வகையில் 11. பாக்கி இல்லை.